சொன்னேனே என்றால் போதுமா?

மார்த்தாண்டத்தில் நாங்கள் நடத்துவது சின்ன ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) சிப்ஸ் கடைதான், ஆனால் ஓணம் நெருங்கினால் திருவனந்தபுரம் பக்கமிருந்து வரும் ஆர்டரில் திணறிப்போகிறோம். வேலையைக்கூடச் சமாளித்துவிடலாம், இந்தப் பேச்சுக் குழப்பத்தைத்தான் தாங்க முடியவில்லை. கல்லாவில் போனை எடுப்பவர் உள்ளே பார்த்து "அண்ணே, ரெண்டு கிலோ, உப்பு குறைச்சு" என்று ஒரு சத்தம் போடுவார், அவ்வளவுதான். கொதிக்கிற தேங்காய் எண்ணெயில் உப்புத்தண்ணீர் விடும்போது எழும் இரைச்சலில் அடுப்படி அண்ணனுக்கு என்ன கேட்கும்? வழக்கமான உப்போடு பொரித்து இறக்கிவிடுவார். வாங்க வந்தவர் முகம் சுளித்ததும் "நான் சொன்னேனே", "என் காதில் விழலையே" என்று ஆரம்பிக்கும், நடுவில் பேக்கிங் அக்கா பாவம், ஆளாளுக்கு அவரைத்தான் திட்டுகிறார்கள்.

அடுப்படிச் சுவரில் நோட்டும் பேனாவும் கட்டித் தொங்குகின்றன. பெயர், எடை, எப்போது வேண்டும், மூன்றே வரி! அதை எழுதக் கை வராது, வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட மட்டும் வரும், எண்ணெய்க் கையோடு அதை யார் திறந்து கேட்பது? எல்லாரும் நல்ல வேலைக்காரர்கள், அதனால்தான் எனக்கு இன்னும் ஆற்றாமை. சரி, காலையில் அடுப்பு மூட்டும் முன் ஐந்து நிமிடம் சேர்ந்து நின்று அன்றைய ஆர்டரை ஒருமுறை வாசித்துவிடுங்கள் என்றால், அதற்கும் நேரமில்லையாம்!