ஓட்டக்காரருக்குக் கடிகாரம் இருக்கிறது, டீச்சருக்கு?

போன சனிக்கிழமை கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் முன்னாள் மாணவர் சங்க விருந்து. எந்தச் சங்கம் என்று சொல்லப் போவதில்லை, அதில் பாதிப் பேர் இந்தப் பதிவைப் படிப்பார்கள். விளையாட்டு, கல்வி, பொதுச்சேவை என்று மூன்று பிரிவுகளில் சாதனையாளர் விருது. அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பட்டங்களையும் வாசித்து முடிப்பதற்குள் எங்கள் மேசையில் கோழி ஆறிப்போய்விட்டது.

விருது வாங்கியவர்கள் தகுதியானவர்கள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கல்விப் பிரிவில் மேடையேறிய ஒருவர்கூட வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியவர் இல்லை. கல்லூரி நடத்துகிறவர்கள், வாரியத்தில் இருக்கிறவர்கள். சரி, அதுவும் கல்விதான். இருந்தாலும் உறுத்தியது.

யோசித்துப் பார்த்தால் விளையாட்டுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. மலேசிய ஓட்டக்காரர் மணி ஜெகதீசனை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை போனார். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 3 தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அதே 200 மீட்டர் 20.92 வினாடி. அந்தத் தேசியச் சாதனையை உடைக்க 2017 வரை மலேசியாவில் ஆள் வரவில்லை. இப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுக்கக் குழு கூடி என்ன பேசப்போகிறது? கடிகாரம் முன்பே சொல்லிவிட்டது.

பொதுச்சேவைக்கு டத்தோ, தான் ஸ்ரீ பட்டங்கள் இருக்கின்றன. அரண்மனை சலித்துக் கொடுத்ததையே நாம் இன்னொரு முறை சலிக்கிறோம்.

ஆசிரியருக்குத்தான் எதுவும் இல்லை.

கெடாவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எனக்குப் பாடம் நடத்திய டீச்சர், வேலை பார்த்துக்கொண்டே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (USM) தொலைதூரக் கல்வி வழியாகப் பட்டம் வாங்கியவர். பினாங்கில் 1969-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம், 1971-லேயே வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன மிண்டன் முகாமில் பல்கலைக்கழகம் குடியேறியதும் அதே ஆண்டுதான். இதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன். சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று நான்கு வருடம் படிக்கப் போக முடியாத எத்தனையோ ஆசிரியர்கள் அந்த வாசல் வழியாகத்தான் பட்டதாரி ஆனார்கள்.

டீச்சருக்குப் பாடநூல்கள் தபாலில் வரும். சமையல் முடிந்த பிறகு இரவில் படிப்பார். ஆண்டுக்கு ஒரு தடவை சில வாரம் மிண்டனுக்குப் போய் வகுப்பில் உட்காருவார். திரும்பி வரும்போது வகுப்புக்கே ஜாதிக்காய் வாங்கி வருவார். ரொம்ப நாள் வரைக்கும் எங்களுக்கு டிகிரி என்றால் ஜாதிக்காய்தான்.

எங்கள் வகுப்பில் பதினேழு பேர். எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனோம் என்று சொன்னால் அதுவும் ஒரு கடிகாரம் ஆகிவிடும், அதனால் சொல்லவில்லை. போகாதவர்களில் ஒருவன் லாரி ஓட்டுகிறான். இன்றைக்கும் அவன் தமிழ்க் கையெழுத்துக்கு முன்னால் என்னுடையது கோழிக் கிறுக்கல். மகளுக்குப் பிழையில்லாமல் கடிதம் எழுதுகிறான்.

குழுக்களை மட்டும் திட்டுவதும் நியாயம் இல்லை. பெயர் பரிந்துரைக்கும் படிவம் பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. நாம்தான் எழுதுவதில்லை. டத்தோவுக்கு எழுத ஒரு செயலாளர் இருப்பார், டீச்சருக்கு யார் இருக்கிறார்கள்? இத்தனை வருடத்தில் நானே ஒரு படிவம் நிரப்பியதில்லை. விருந்துக்குப் போய் ஆறிப்போன கோழியைத்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் டீச்சரைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், உங்க பேரை ஒரு விருதுக்கு எழுதி அனுப்பட்டுமா?"

"எனக்கெதுக்குய்யா அதெல்லாம்? மேடையில எத்தனை படி?"

"நாலு அஞ்சு இருக்கும்."

"முட்டி வலி. கைப்பிடி இருந்தா பார்க்கலாம்."

சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். அவர் படித்த பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். 'இதுவரை பெற்ற விருதுகள்' என்று ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன், அங்கேதான் பேனா நிற்கிறது. கெடா பக்கம் தோட்டப் பள்ளியில் ஜாதிக்காய் டீச்சரிடம் படித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். ஆளுக்கு நாலு வரி போதும். அந்த இடத்தில் அதைத்தான் ஒட்டப் போகிறேன்.