வேர் கசிவது வேறு, மண் சேமிப்பது வேறு

மேய்ச்சல் நிலத்தில் கார்பனைச் சேமிக்கலாம் என்று நடந்த அந்தக் கூட்டத்தின் காணொளியை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்பப் போகிறீர்கள்? நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். "மாடு மொட்டையாக மேயட்டும், இலை போகப் போக வேர் கார்பனை மண்ணில் கொட்டும், உங்கள் கொறங்காடே கார்பன் வங்கியாகிவிடும்" என்றார் பேச்சாளர். கொறங்காடு என்பது எங்கள் பக்கத்தில் வேலியடைத்த மேய்ச்சல் நிலம். கைதட்டல் வேறு!

அவர் முழுப் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை சொன்னார், அதுதான் எரிச்சல். அமெரிக்காவில் ஹாமில்டனும் பிராங்கும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மேய்ச்சலைத் தாங்கும் ஒரு புல்லைக் கத்தரித்ததும் வேரிலிருந்து கார்பன் கூடுதலாகக் கசிந்தது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகின. மண்ணில் நைட்ரஜன் கூடியது, புல் அதை உறிஞ்சிக்கொண்டது. அருமையான ஆய்வு. ஆனால் அது புல் தனக்கு உரம் தேடிக்கொள்ளும் கதை. கசிந்த கார்பனில் கணிசமான பங்கை நுண்ணுயிர்கள் கரியமில வாயுவாக மூச்சுவிட்டுவிடும். கசிவது வேறு, சேமிப்பது வேறு. வேறு சில ஆய்வுகளில் இலை போனபின் கசிவு குறைந்தும் இருக்கிறது. புல்லின் இனம், வெட்டிய அளவு, மண் எல்லாவற்றையும் பொறுத்தது அது.

மொட்டையடித்தால் என்ன ஆகும் என்று கிரைடர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1955லேயே காட்டிவிட்டார். பாதிக்கு மேல் இலையை எடுத்தால் வேர் வளர்வதே நின்றுபோகிறது. வளராத வேர் எந்த வங்கியில் எதைப் போடும்?

எங்கள் அப்பாரு இதையெல்லாம் படித்தவர் இல்லை. கொழுக்கட்டைப் புல் கரண்டை உயரத்துக்கு வந்ததும் மாடுகளை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட்டுப் படலைச் சாத்துவார். கிளுவை வேலிக்கு வெளியே நின்று மாடு கத்தினாலும் திறக்க மாட்டார். பிடிவாதக்காரர், வீட்டிலும் அப்படித்தான்.

கேட்பீர்கள், "நீ என்ன விஞ்ஞானியா?" இல்லை. பேச்சாளரும் இல்லை, அவரிடம் யாரும் கேட்கவில்லையே. "மேய்ச்சலுக்கு எதிரியா?" மேய்ச்சலில் வளர்ந்தவனிடம் கேட்கும் கேள்வியா இது? அளவோடு மேய்ந்து, புல் மறுபடி வளரும்வரை மாடு விடாமல் ஆறப்போட்ட காடு நன்றாகவே இருக்கும். ஆறப்போடுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னாரா? "மண்ணில் கார்பனைச் சேமித்ததற்குக் கொடுக்கும் பணம் வந்தால் ஊருக்கு நல்லதுதானே?" வரட்டும். கசிவைச் சேமிப்பென்று எழுதிக்கொடுத்து வர வேண்டாம்.

என் பெரியப்பா எழுந்து, "மழை இல்லாத வருடம் எத்தனை நாள் காடு ஆற வேண்டும் சாமி?" என்று கேட்டார். அன்று கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். "அதை மாடே பார்த்துக்கொள்ளும்" என்றார் பேச்சாளர். மண்டபமே சிரித்தது. வயதானவர், துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். காணொளியில் அந்த இடத்தை நறுக்கிவிட்டார்கள்.

சிரித்தவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சித்திரையில் காடு காய்ந்ததும் சோளத்தட்டு கேட்டுப் பெரியப்பா வாசலுக்குத்தான் வருவீர்கள். அவர் கொடுத்துவிடுவார். நானாக இருந்தால் பேச்சாளரிடம் போய்க் கேட்கச் சொல்வேன்.