கை தட்டியவர்கள்தானே வளர்த்தவர்கள்?

எங்கள் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழாவில் பேச வந்த ஒருவரின் வீடியோ இரண்டு நாளாக எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுகிறது. "2கே கிட்ஸுக்கு ஒரு சொல் தாங்காது. நாங்க 90ஸ் கிட்ஸ், அடி வாங்கி வளர்ந்தோம், அதான் உருப்பட்டோம்" என்று அவர் சொன்னதும் அரங்கமே கை தட்டுகிறது. பேசியவர் மீதுகூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. கை தட்டியவர்கள் மீதுதான் கோபம். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள்தான் பின்னால் நாற்காலிகளில் இருந்தார்கள்.

பிள்ளை தானாக வளர்வதில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். 2005ல் பிறந்த பிள்ளைக்கு அப்போது பதினோரு வயது. சிம் வாங்கியது யார்? ஒரு வாய் சோறு உள்ளே போக வேண்டுமென்று போனைக் கையில் கொடுத்தது யார்? தெருவில் விளையாடாதே, வண்டி வரும் என்று உள்ளே கூப்பிட்டது யார்? எட்டாம் வகுப்பிலேயே நீட் கோச்சிங்கில் சேர்த்துவிட்டு, "இதுகளுக்கு ஊர் உலகமே தெரியலை" என்று அலுத்துக்கொள்வது யார்?

அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது கொரோனா. 2021ல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லாரும் தேர்ச்சி. இன்றுவரை 'கொரோனா பேட்ச்' என்று கேலி பேசுகிறோம். தேர்வை ரத்து செய்தது அந்தப் பிள்ளைகளா? ஒரே போனை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வகுப்பு கவனித்தார்கள். தனி அறையில் லேப்டாப்போடு படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். இவர்கள் எல்லாரும் எப்படி ஒரே 2கே கிட்ஸ் ஆவார்கள்?

பிறந்த வருஷத்தை வைத்துக் கோடு போடும் பழக்கம் அமெரிக்காவிலும் உண்டு. 1981 முதல் 1996 வரை பிறந்தவர்கள் மில்லினியல், 1997 முதல் ஜென் இசட் என்று பிரித்தது அங்குள்ள பியூ ஆய்வு மையம். 2021ல் நூற்றுக்கும் மேற்பட்ட சமூக ஆய்வாளர்கள் சேர்ந்து இந்தப் பெயர்களைக் கைவிடச் சொல்லி அந்த மையத்துக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2023ல் மையமும் இனி இவற்றைக் கவனமாகத்தான் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது. கோடு போட்டவர்களே தயங்குகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு உறுதி?

அடி வாங்கி உருப்பட்டோம் என்கிறீர்களே, உருப்படாமல் போனவனை யாராவது மேடையேற்றுவார்களா? என்னோடு எட்டாம் வகுப்பில் ஒருவன் படித்தான். கணக்கு வராது. அவன் அப்பா பள்ளிக்கு வந்து, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சார் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். பிரம்பு முறிந்தால் அடுத்ததை ஒடித்து வர அவனையே அனுப்புவார். காலாண்டு லீவுக்குப் பிறகு அவன் வரவில்லை. திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்றார்கள். அவனும் 90ஸ் கிட்தான். உங்கள் குரூப்பில் அவன் இல்லாததால் எல்லாரும் உருப்பட்டதுபோல் உங்களுக்குத் தெரிகிறது.

"அப்போ செல்லம் கொடுத்துக் கெடுக்கச் சொல்றியா?" என்பீர்கள். இல்லை. கண்டிப்பு வேறு, அடி வேறு. இதற்கு மேல் இதில் விளக்க எதுவும் இல்லை. "வாத்தியார் கையைக் கட்டிப் போட்டுட்டாங்க" என்பதும் வரும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆமாம், கட்டித்தான் போட்டிருக்கிறார்கள், கட்ட வேண்டிய கைதான். நெரிசலான வகுப்பைத் தனியாகச் சமாளிக்கும் ஆசிரியரின் சிரமம் எனக்குப் புரிகிறது, என் அக்காவே டீச்சர். அதற்கு இன்னொரு ஆசிரியரைக் கேளுங்கள், பிரம்பைக் கேட்காதீர்கள்.

என் அப்பா என்னை அடித்ததில்லை. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "சயின்ஸ்ல ஏன் குறைஞ்சுது?" என்றார். அவ்வளவுதான். அவரை அவருடைய அப்பா அதுகூடக் கேட்டிருக்க மாட்டார், தெரியும். ஆனால் இந்த வயதிலும் ஆபீஸில் யாராவது "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இதைத்தான் மன உறுதி, மன உறுதி என்று மேடை போட்டுச் சொல்கிறீர்களா?

என் மகள் பிடிக்காததை முகத்துக்கு நேராகச் சொல்வாள். சொந்தக்காரர்கள் அதை வாய் என்கிறார்கள். அவளைப் பேசவிட்டு வளர்த்தது நான். அதில் நல்லது கெட்டது எதுவானாலும் என்னைக் கேளுங்கள், அவள் பிறந்த வருஷத்தைக் கேட்காதீர்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், அவரைப் பேசக் கூப்பிட்டது யார் என்று கேட்கத்தான் போகிறேன். அப்புறம், குடும்ப குரூப்பில் அந்த வீடியோவைப் போட்டுச் சிரித்த மாமாக்களே, சித்தப்பாக்களே, அந்த குரூப்பில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நீங்கள் கீழே எழுதியதையெல்லாம் அவர்களும் படிக்கிறார்கள். தயவுசெய்து இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள்.