50 வோல்ட் போதுமாம்!

நானே செய்த ஆம்ப்ளிஃபயரில் திடீரென்று ஒரே உறுமல். திறந்து பார்த்தால் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் பவர் சப்ளை கெப்பாசிட்டர் இரண்டும் தலை உப்பிக் கிடக்கின்றன. சரி, அதே 4700 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் வரை தாங்குவதில் இரண்டு வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிகிறது!

கேட்ட இடத்திலெல்லாம் 50 வோல்ட்தான் இருக்கிறது. "அதுவே போதுமே" என்று இலவச அறிவுரை வேறு. டிரான்ஸ்ஃபார்மர் 35-0-35, அதாவது நடுமுனைக்கு இரு பக்கமும் 35 வோல்ட் ஏசி. கெப்பாசிட்டரில் ஏறுவது அதன் உச்ச வோல்ட்; முப்பத்தைந்தை 1.414-ஆல் பெருக்கினால் 49.5. ஏசியை டிசியாக்கும் டையோடில் ஒரு வோல்ட் குறையும்தான். ஆனால் லோடு இல்லாதபோதும் மெயின்ஸ் ஏறும்போதும் 50-ஐத் தாண்டிவிடும். வெடித்தால் அறிவுரை சொன்னவரா வந்து துடைப்பார்?

அப்புறம் "22000 மைக்ரோஃபாரட் போடு, பேஸ் அதிரும்" என்கிற கூட்டம். சுவிட்ச் போட்டதும் பாயும் கரண்டில் ஃபியூஸ் போவதும், டையோடு பிரிட்ஜ் திணறுவதும் அவர்கள் கணக்கிலேயே கிடையாது. கெப்பாசிட்டர் ஓயாமல் நிரம்பி வடியும்போது ஓடும் ரிப்பிள் கரண்ட் எவ்வளவு தாங்கும் என்று கேட்டால் மட்டும் மௌனம்.

ஒருவழியாக 63 வோல்ட், 105 டிகிரி சூடு தாங்குவது கிடைத்தது. போர்டில் கால் இடைவெளி 10 மில்லிமீட்டர். வந்ததோ 7.5. இப்போது டிரில் பிட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.