புது பேட்டரி செல் போட்டால் மட்டும் போதாதுங்க
ஸ்கூபா டைவிங்கில் கையில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டர், ஆழத்தையும் நேரத்தையும் பார்த்து இன்னும் எவ்வளவு நேரம் நீருக்கடியில் இருக்கலாம் என்று சொல்லும் கருவி. "டைவ் கம்ப்யூட்டரில் பேட்டரி குறி முழுசா இருந்தால் அந்தமான் பயணம் முழுக்கத் தாங்கும், நடுவில் தீர்ந்தாலும் புது செல் போட்டு அடுத்த டைவுக்கு இறங்கிடலாம்" என்று மேலே தம்பி எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்புங்க, இரண்டாவது ஆபத்தும்கூட.

லித்தியம் பட்டன் செல்லின் மின்னழுத்தம் பெரும்பாலும் 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். அதனால் முழுக் குறியை நம்ப முடியாது.

செல்லைக் கழற்றினால் சில மாடல்களில், முந்தைய டைவ்களில் மூச்சுக்காற்று வழியாக உடம்பில் தேங்கிய நைட்ரஜன் கணக்கே அழிந்துவிடும். காலையில் நீங்கள் 25 மீட்டர் போய் வந்தது அதற்குத் தெரியாது. இன்னும் இறங்கவே இறங்காத ஆளுக்குக் கொடுக்கிற மாதிரி நீருக்கடியில் இருக்க அதிக நேரம் காட்டும். அதை நம்பி இறங்கினால் டிகம்ப்ரஷன் நோய் (மேலே வரும்போது தேங்கிய நைட்ரஜன் உடம்புக்குள் குமிழிகளாவதால் வருவது) வரலாம். நண்பரின் கம்ப்யூட்டரை இரவல் வாங்கினாலும் இதே சிக்கல்தான். கணக்கு போய்விட்டால் 24 மணி நேரம் இறங்காதீர்கள். முதல் டைவிலிருந்தே இரண்டாவது கம்ப்யூட்டரையும் கட்டியிருந்தால் அதன் கணக்கில் தொடரலாம்.

கோயமுத்தூரில் கிளம்பும் முன்பே செல்லையும் ஓ-ரிங்கையும் (தண்ணீர் உள்ளே புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) சேர்த்து மாற்றிவிடுங்க. வாட்ச் கடையில் செல் கிடைக்கும், உங்கள் மாடலுக்கான ஓ-ரிங் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே வரவழையுங்கள். அப்புறம், உதிரி லித்தியம் செல்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.