முதலில் அடிப்பாகத்தைக் காப்பாற்றுங்கள்

கரடுமுரடான பாதையில் ஓட்டும் ஆஃப்ரோடு பிக்கப் வண்டிக்கு முதல் செலவாக முன்னால் 'புல் பார்' என்ற இரும்புத் தடுப்புக் கம்பி போடச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தயவுசெய்து வேண்டாம். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதைத் தடை செய்துவிட்டது. மோதும்போது ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம், நடந்து போகிறவருக்கும் ஆபத்து.

அஞ்செட்டி பக்கம் கல் பாதையில் என் வண்டியின் ஆயில் சம்ப், அதாவது அடியில் இன்ஜின் ஆயில் தேங்கும் தொட்டி, இடித்தது. குனிந்து பார்த்தால் விரல் நீளக் கீறல், ஆயில் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. வயிறே கலங்கிவிட்டது. அப்புறம்தான் அடிப்பாகத்தை மூடிக் காக்கும் ஸ்கிட் பிளேட் என்ற தகடு போட்டேன். அலுமினியம் எடை குறைவுதான், சரி. ஆனால் நம்ம கிருஷ்ணகிரிக் கருங்கல்லில் உரசி உரசி ஓட இரும்புத் தகடே தாங்கும். ஆயில் மாற்ற அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தகட்டை சேசிஸோடு பூட்டச் சொல்லுங்கள். மிச்சப் பணத்தில் சிக்கிய வண்டியை இழுக்க நல்ல இழுவைப் பட்டையும் டயருக்குக் காற்றடிக்கும் பம்பும் வாங்கலாம்.