மதியம் இரண்டு மணிக்குப் பூங்காவில் யார் இருக்கலாம்?

நேற்று நம் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் வந்த படத்தைப் பற்றித்தான். பூங்கா பெஞ்சில் டெலிவரி பையன் ஒருவன் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். 'இது பார்க்கா, லாட்ஜா?' என்று கேள்வி, கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். இன்று காலை ஒரு மனுவும் வந்துவிட்டது. பத்து மணியிலிருந்து நாலு மணிவரை கேட்டைப் பூட்ட வேண்டுமாம்.

பூங்கா நடைப்பயிற்சிக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நானும் தினமும் நடப்பவள்தான்.

ஐந்தரைக்கு வருகிறோம், எட்டு வடிவப் பாதையில் சுற்றுகிறோம், கைதட்டிச் சிரிக்கிறோம், வெளியே அருகம்புல் ஜூஸ் குடித்துவிட்டு எட்டரைக்குக் கிளம்பிவிடுகிறோம். அதற்கப்புறம் அங்கே என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பத்து மணிக்குத் தெரு பெருக்கும் அக்காக்கள் வந்து கால் நீட்டுகிறார்கள். அப்புறம் குரூப் 4 புத்தகத்தோடு பிள்ளைகள். ஒரு மணிக்குத் துணிக்கடைப் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது நம் மாநிலத்தில். அந்தப் பெண்கள் மீதும் கேட்டைப் பூட்டப் போகிறோம்.

'குடிக்கிறார்கள்' என்பீர்கள். குடிப்பவர்கள் இருட்டிய பிறகு சுவரேறிக் குதிக்கிறார்கள், பூட்டு அவர்களை என்ன செய்யும்? 'பெண்களுக்குப் பாதுகாப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சார், ஆளில்லாத பூங்காவுக்குள் போகத்தான் எனக்குப் பயம். பத்துப் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் எனக்கென்ன பயம்? 'டெலிவரி பையன்களுக்குத்தான் அண்ணா நகரில் ஏசி ஓய்வறை திறந்தார்களே' என்றும் ஒரு பதில். நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். இருபது நிமிடம் கண்ணயர இங்கிருந்து அண்ணா நகர்வரை பெட்ரோல் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறீர்களா?

குப்பை போடுகிறார்கள் என்பது உண்மை. தொட்டி வைக்கக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

என் அப்பா மெடிக்கல் ரெப். தொண்ணூறுகளில் பல்லாவரத்திலிருந்து தி.நகருக்கு வருவார். டாக்டர்கள் ஒரு மணிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் திரும்புவார்கள். இடையில் வீட்டுக்கு வந்துபோக முடியாது, ஓட்டலில் உட்காரக் காசு கிடையாது. அவருக்கு இருந்தது பனகல் பூங்கா. 1920களில் தி.நகருக்கு மனை பிரித்தபோதே ஊருக்கு நடுவில் பூங்காவுக்கென்று இடம் விட்டுவைத்தார்கள். வெள்ளைச் சட்டையின் முதுகில் பெஞ்சுக் கறை கோடுகோடாக இருக்கும். அம்மா கேட்டால் பஸ் சீட் என்பார்.

ஒரு கோடை விடுமுறையில் என்னையும் அழைத்துப் போனார். பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப் போனார். நாலரைக்கு எழுந்து குழாயில் முகம் கழுவி, சீப்பை நனைத்துத் தலை வாரி, டையைக் கட்டிக்கொண்டார். யாரும் அவரைப் படம் எடுக்கவில்லை. எழுந்து போ என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும்.

நேற்றிலிருந்து அந்தக் கைக்குட்டைதான் கண்ணில் நிற்கிறது. நாற்பது டிகிரி வெயிலில் நம் வீட்டுக்கு பிரியாணி கொண்டுவரும்போது அந்தப் பையனுக்கு லிப்டைக் காட்டாமல் படிக்கட்டைக் காட்டுகிறோம். மரத்தடியில் படுத்தால் அதுவும் குற்றமா? அவன் என்ன கேட்டான் நம்மிடம்? நம் வரியில் பராமரிக்கும் பூங்கா என்கிறீர்களே, அவன் போடும் பெட்ரோலில் வரி இல்லையா?

உணர்ச்சிவசப்படுகிறேன் என்று சொல்லப் போகிறீர்கள். சரி, படுகிறேன்.

மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். குழுவிலிருந்து நீக்கினாலும் பரவாயில்லை. அந்தப் படத்தை மட்டும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அவன் முகம் தெளிவாகத் தெரிகிறது.